ஐந்தாவது வாட்ச்

என் பெட்டியில் நான்கு வாட்ச் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைப் பெட்டியில் வைப்பதில்லை, கையில் கட்டியிருக்கிறேன். நான்கைப் பற்றிக் கேட்டால் நீங்கள் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிடும்வரை பேசுவேன். ஐந்தாவதைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. நல்லதை முதலில் சொல்லிவிட்டு மெதுவாக அங்கே வருகிறேன். தப்பு செய்தவன் தெருவைச் சுற்றித்தான் வீடு போய்ச் சேருவான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. டாலி கிளார்க் என்பார்கள். டிரெய்லர் உள்ளே வந்ததும் கன்டெய்னர் பெட்டியின் நம்பரையும், கதவில் பூட்டியிருக்கும் சீலின் நம்பரையும் காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சீலை யாராவது அறுத்து மாற்றியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பெரிய படிப்பு வேண்டாத வேலைதான், ஆனால் கண் வேண்டும். போலி சீல் ஒன்று என் கையைத் தாண்டிப் போனதில்லை என்று யார்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அதுவும் நல்ல சிரிப்பு அல்ல.

வேலை இல்லாத நேரமும் யார்டில் நிறைய உண்டு. துறைமுக வாசலில் வண்டிகள் தேங்கிவிட்டால் எங்களுக்கு வரும் வண்டியும் வராது. அப்படி ஒரு மத்தியானம் போனில் வேறெதையோ தேடப் போய், வாட்ச் பிரியர்கள் குழு ஒன்றில் போய் விழுந்தேன். ஒரு கார் விலைக்கு வாட்ச் கட்டுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களை விட்டுவிடலாம். என்னைப் போல மாதக் கடைசியில் பாக்கெட்டைத் தட்டிப் பார்க்கிறவர்களும் ஒரு மூலையில் இருந்தார்கள். அவர்கள் சொன்னது எனக்குப் பிடித்துப் போயிற்று. கண்டதையெல்லாம் வாங்காதே, உன் வாழ்க்கையில் எத்தனை விதமான நாட்கள் இருக்கின்றன என்று பார், ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு வாட்ச் போதும் என்றார்கள். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும் என்பது அவர்களுடைய இன்னொரு சட்டம்.

உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு நான்கு விதமான நாட்கள்தான். யார்டு நாள், விசேஷ நாள், மழை நாள், சும்மா இருக்கும் நாள்.

யார்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டிஜிட்டல். கன்டெய்னர் கதவில் இடித்தாலும், நிலக்கரித் தூசி படிந்தாலும் கவலையில்லை, குழாயில் காட்டிக் கழுவிவிடலாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெள்ளை டயல் வைத்த மெல்லிய ஒன்று, கறுப்புத் தோல் ஸ்ட்ராப். சும்மா இருக்கும் நாளுக்கு, மூர் மார்க்கெட் பக்கம் நடைபாதையில் பொறுக்கிய, தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய வாட்ச். மழைக்கும் வெள்ளத்துக்கும் தாங்குகிற ஸ்டீல் ஆட்டோமேட்டிக் ஒன்றுதான் கடைசியாக வந்தது. அது கை அசைவிலேயே ஓடும், பேட்டரி கிடையாது. ஸ்ட்ராப்பை மட்டும் மாற்றினால் ஒரே வாட்ச் மூன்று வாட்ச்சாகத் தெரியும் என்பதையும் கற்றுக்கொண்டேன். நைலான் ஸ்ட்ராப் ஒன்று ஒரு பிரியாணி விலைதான். சிகரெட்டை விட்டேன், ஓவர்டைம் பார்த்தேன். வீட்டில் குறை வைக்காமல்தான் சேர்த்தேன் என்று என் மனைவியே சொல்வாள்.

நான்கு அறை வைத்த ஒரு பெட்டியும் வாங்கினேன். சாயங்காலம் அதைத் திறந்து பார்க்கும்போது, இந்த ஊரில் எனக்கென்று ஒழுங்காக ஒன்று இருக்கிறது என்ற நிறைவு வரும். ஆனால் ஐந்தாவது விதமான நாள் ஒன்று இருந்ததை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மாமனார் வீட்டுக்குப் போகும் நாள்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன். என் மனைவி எண்ணூர் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். எங்களுடையது காதல். இரண்டு பக்கமும் வேண்டாம் என்றார்கள், அவள் பக்கம் கொஞ்சம் கூடுதல் சத்தமாகச் சொன்னார்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருவொற்றியூரில் ஒரு வீடு பிடித்தோம். பல மாதங்கள் அந்தக் குப்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் அப்பாவே வாசலில் வந்து நின்றார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், ரெண்டு பேரும் வரணும் என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

போனோம். கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை வா என்று கேட்கவில்லை. மாமனார் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். என் இடது கையைப் பிடித்து இழுத்து, அவரே ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டார். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பினார்.

"இவுரு நம்ம வூட்டு மாப்ள. அவ்ளோதான் சேதி. இன்னா ஏதுன்னு இனிமே எவனும் கேட்டுகினு வரக் கூடாது."

எவனும் கேட்டுக்கொண்டு வரவில்லை. அன்றைக்குக் கூழ் வார்த்தவர்கள் எனக்கும் வார்த்தார்கள்.

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். மற்றவர்களுக்குக் கல்யாண மண்டபத்தில் கிடைக்கும், எனக்குக் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் கிடைத்தது. ஆனால் அந்த வாட்ச் இருக்கிறதே, அதைப் பற்றி நான் பொய் சொல்ல முடியாது. தங்க முலாம். அப்பள அகலத்துக்கு டயல். பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்க வேண்டிய இடங்களில் பளபளவென்று நான்கு கல். கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்னைப் பார்க்காமல் வாட்ச்சைப் பார்ப்பார். இரண்டு வருடத்தில் உப்புக் காற்று பட்டு முலாம் அங்கங்கே வெளுத்து, ஓரத்தில் பச்சை கட்டியது. அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

மாமனார் வீட்டுக்குப் போகும்போது மட்டும் எடுத்துக் கட்டுவேன். ஏனென்றால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வாசலில் என்னைக் கண்டதும் அவர் என் மணிக்கட்டைப் பிடிப்பார்.

"மணி இன்னா மாப்ள?"

சுவரில் கடிகாரம் இருக்கும், அவர் சட்டைப் பையில் போன் இருக்கும். இருந்தாலும் என்னிடம்தான் கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். "சரி, உள்ள வா, துன்னுட்டுப் பேசலாம்" என்பார். என் சொந்த அப்பா என்னைத் தொட்டுப் பேசி நான் அறிந்ததில்லை. இந்தக் கைப்பிடி எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் தெரிந்துகொள்கிறேன்.

அந்த வீட்டில் இன்னொரு விஷயமும் எனக்கு வேடிக்கையாக இருக்கும். எதைத் தொட்டாலும் அதில் ஒரு குறி கீறியிருக்கும். இரண்டு நேர்க்கோடு, மேலே ஒரு சாய்ந்த கோடு. வலை மிதவையில், நங்கூரத்தில், ஐஸ் பெட்டியில், சோற்றுப் பானை மூடியில்கூட. கடலில் ஒரு வலையோ மிதவையோ அறுத்துக்கொண்டு போய்விட்டால், எந்தப் படகுக்காரன் கையில் கிடைத்தாலும் குறியைப் பார்த்து அந்த வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவானாம். பானை மூடி எப்படிக் கடலுக்குப் போகும் என்று ஒருமுறை மாமனாரைக் கேட்டேன்.

"எது எப்டிப் போவும்னு யாருக்குத் தெர்யும்?" என்றார். "கடல்ல போனது வரும் மாப்ள. கரையில போனதுதான் வராது."

அதை ஒரு பழமொழியாகக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்தேன்.

சென்ற வருடம் ஸ்டீல் ஆட்டோமேட்டிக் மேல் ஆசை வந்தது. ராயபுரத்தில் பழைய வாட்ச் வாங்கி விற்கிற ஒரு சின்னக் கடையில் பார்த்தேன். கையில் இருந்தது போதவில்லை. எதையாவது கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்ற சட்டம் வேறு எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன், மற்ற மூன்றையும் கொடுக்க மனம் இல்லை. பீரோவில் தங்க முலாம் சும்மா கிடந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்மூடில கீறல் கீது சார். ரேட்டு கம்மியாவும்."

"சரி, பார்த்துப் போட்டுக்கோங்க" என்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஸ்டீல் வாட்ச்சின் மேல்தான் என் கண் இருந்தது. என்ன கீறல் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரான் பெட்டியின் சீலைத் தடவித் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், தன் வாட்ச்சின் முதுகை ஒரு தடவை திருப்பிப் பார்த்ததில்லை.

அடுத்த முறை குப்பத்துக்கு ஸ்டீல் வாட்ச்சோடு போனேன். மாமனார் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு கணம் பார்த்தார்.

"நம்ம வாட்ச்சு?"

"பேட்டரி போயிடுச்சு மாமா. சர்வீஸ்ல இருக்கு."

"அப்டியா. மணி இன்னா?"

சொன்னேன். உள்ளே போனோம், சாப்பிட்டோம். வஞ்சிர வறுவல். தொண்டையில் எதுவும் சிக்கவில்லை, வெட்கத்தைவிட்டுச் சொன்னால் ருசியாகத்தான் இருந்தது. குற்ற உணர்ச்சி என்பது மீன் முள் மாதிரி உடனே குத்துவதில்லை.

அது குத்தியது கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது. பையன் பக்கத்துக் குப்பம், அவர்கள் ஆட்கள்தான், விசைப்படகில் பங்கு இருக்கிறது. ஊர் மெச்சும் சம்பந்தம். சின்ன மாப்பிள்ளைக்கு உசத்தியான வாட்ச்சாகப் போட வேண்டும் என்று உறவுக்காரர்கள் பேசியது என் காதிலும் விழுந்தது. அவர்கள் சொல்லாமல் விட்டது என்னவென்றும் எனக்குத் தெரியும். மாமனார் ஒரே வார்த்தையில் அந்தப் பேச்சை அறுத்தார்.

"பெரியவருக்கு இன்னா போட்டனோ அத்தேதான் சின்னவருக்கும். ஒரு கல்லு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ள, சர்வீஸ்லேர்ந்து வாங்கிட்டீங்கல்ல? அத்த எட்தாந்துருங்க. கடையில காட்டி அதே மாரி வாங்கிடலாம்."

பக்கத்தில் நின்ற என் மனைவியின் முகம் மலர்ந்து போயிருந்தது. இத்தனை வருடமாக அந்த ஊரில் அவள் கொஞ்சம் குனிந்துதான் நடப்பாள். தன் புருஷனும் தங்கை புருஷனும் ஒரே தராசில் நிற்கப் போகிறார்கள் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிது என்று அந்த முகத்தில் தெரிந்தது. சரி மாமா என்றேன்.

மறுநாளே ராயபுரத்துக்கு ஓடினேன். அது எப்போதோ விற்றுப்போய்விட்டது. யாருக்கு என்று கேட்டேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற ஆள் ஒருவர், பேரெல்லாம் தெரியாது என்றார் கடைக்காரர். சாத்தாங்காட்டுக்குப் போனேன். வெயிலில் கம்பிக் கட்டும் தகடும் ஏற்றிக்கொண்டிருந்தவர்களின் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டே கடை கடையாக நடந்தேன். ஒருவர் இரும்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாபா, கைய கைய பாத்துகினு சுத்துற? ஜோசியமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பாதிப் பேருக்கு வாட்ச்சே இல்லை. லோடு ஏற்றுகிறவன் வேலை நேரத்தில் வாட்ச் கட்டமாட்டான் என்பதுகூட எனக்கு அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

திரும்பவும் ராயபுரம் வந்து கடைக்காரரின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் நாலு இடத்தில் போன் போட்டு, ஒரு வாரத்தில் அதே மாடல் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். எங்கேயோ விற்காமல் கிடந்த பழைய சரக்கு. அதே அப்பள டயல், அதே நான்கு கல். ஆனால் நேற்று செய்த மாதிரி மின்னியது. அதற்காக என் சாவி கொடுக்கும் வாட்ச்சை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். பிற்பாடு மீட்டுக்கொண்டேன், அது வேறு கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்த வாட்ச்சைப் பழசாக்கினேன். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றி வெயிலில் வைத்தேன். தேங்காய் நாரால் ஓரங்களைத் தேய்த்தேன். எங்கெங்கே முலாம் போயிருந்தது என்று நினைவுபடுத்தி அங்கங்கே சுரண்டினேன். யார்டில் சீலை மாற்றிப் பூட்டியவனை ஒருமுறை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அவனும் இப்படித்தான் எங்காவது ஒரு மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பான். அவனை அன்றைக்கு எவ்வளவு கேவலமாகத் திட்டினேன் என்று நினைவு வந்தது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு வாட்ச் கடைக்கு மாமனாரும் நானும் போனோம். கழற்றிக் கொடுத்தேன். அவர் டயலைப் பார்க்கவே இல்லை. கையில் வாங்கியதும் திருப்பினார். பின்மூடியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு கடை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து கடைப் பையனிடம் கொடுத்தார்.

"இதான். இதே மாரி ஒண்ணு குடு."

அதே மாடல் இப்போது வருவதில்லை என்றார்கள். நான்கு கல் வைத்த வேறொன்று இருந்தது, விலையும் அதே அளவு. அதை வாங்கினார். பஸ்ஸில் வரும்போது அவர் அதிகம் பேசவில்லை. கல்யாணச் செலவு கவலை என்று நான் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து நிம்மதியாக இருந்தேன்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை அறையில் நல்ல கூட்டம். மாமனார் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். புது வாட்ச்சைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அடுத்து, கடலுக்குப் போகிற மாதிரி வேட்டி மடிப்பில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்மூடியில் கத்தி முனையால் கீறினார். இரண்டு நேர்க்கோடு, மேலே ஒரு சாய்ந்த கோடு.

"இன்னா மாமா, புது வாட்ச்ச கீறிட்ட" என்றான் சின்ன மாப்பிள்ளை.

"நம்ம வூட்டுக்கு வந்தது எது இருந்தாலும் நம்ம குறி இருக்கணும். அப்பதான் எங்க போனாலும் நம்ம கைக்கு வரும். பெரியவருக்கும் போட்டுத்தான் குட்தேன். வேணும்னா கேட்டுப் பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் உப்புத் தண்ணீர் வைத்துத் தேய்த்த போலி இருந்தது, அதன் முதுகு வழவழவென்று என் தோலில் ஒட்டியிருந்தது. பின்மூடில கீறல் கீது சார், ரேட்டு கம்மியாவும் என்று ராயபுரத்துக் குரல் காதில் கேட்டது. கோயில் முன்னால் எனக்குக் கட்டிவிட்டது வாட்ச் அல்ல என்பது அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. இவன் எங்கள் வீட்டு ஆள், வழி தவறினால் இங்கே கொண்டுவந்து விடுங்கள் என்று கத்தியால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் நான் விலை குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

"ஆமா, இருக்கு" என்றேன்.

"காட்டுங்கண்ணா, பாக்கலாம்" என்றான் சின்ன மாப்பிள்ளை. அவன் மனதில் கள்ளம் இல்லை, சும்மாதான் கேட்டான்.

நான் கையை நீட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மாமனார்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஊக்கைக் கழற்றி வாட்ச்சை எடுத்து, அதன் முதுகை மற்றவர்களுக்குக் காட்டாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உப்புக் காத்துல எல்லாம் தேஞ்சிபோயிருக்கும்பா. எத்தினி வருசமாச்சி. இரு, இதுக்கும் ஒரு தபா போட்டுடலாம்."

கீறினார். முலாம் தேயும், கத்திக் கீறல் தேயாது. அது அந்த அறையில் இருந்த ஒவ்வொரு படகுக்காரனுக்கும் தெரியும். அவரே திரும்ப என் கையில் கட்டிவிட்டார், இரண்டாவது தடவையாக. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கதவோரம் நின்ற என் மனைவி பார்த்திருக்கிறாள். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அவள் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் குறி எங்க ஆயாவோட செம்புல கீது. நூறு வருசம் இருக்கும், இன்னிக்கும் விரலு வச்சா தட்டும். தேஞ்சிபோச்சின்னு எங்க நைனா எல்லார் எதுர்லயும் பொய் சொன்னாரு. அவுரு வாயில பொய் வந்து நான் பாத்ததில்ல. பழசு எங்கன்னு நான் கேக்க மாட்டேன். நீயா போயி அவராண்ட சொல்லிட்டு வா."

அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். வாய் வரைக்கும் வந்த சாக்கையெல்லாம் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

அந்த வாரமே போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மாமா, நான் அதை வித்துட்டேன். இன்னொரு வாட்ச் ஆசைக்காக வித்துட்டேன். நீங்க குறி போட்டது எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா வித்திருக்க மாட்டேன். கடைசி வாக்கியத்தை, இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கும்போது எடுத்துவிட்டேன், அது தப்பிக்கிற வாக்கியம்.

மாமனார் படகின் நிழலில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"கடல்ல போச்சா மாப்ள, கரையில போச்சா?"

ஒரு வார்த்தைதான். கரையில என்று சொன்னால் முடிந்தது. அதற்காகத்தான் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஒரு ஆசை இருந்தது. கடலில் போயிருந்தால் அது யார் தப்பும் இல்லை. நானும் அவர் மாப்பிள்ளையாகவே இருக்கலாம். அந்தக் குரலைக் கேட்டதும் என் தைரியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"கடல்ல மாமா."

நான் கடலுக்குப் போனது ஒரே ஒரு முறை, அவர் படகில்தான், வாந்தி எடுத்தே திரும்பினேன். அன்றைக்குக் கரையேறியபோது என்னைத் தூக்கிவிட்டவர் அவர்தான், அந்த வாட்ச் கட்டிய கையைப் பிடித்துத்தான் தூக்கினார். எப்போது போயிற்று, எப்படிப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. வலையில் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"அப்ப வரும். வுடு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "சொல்ட்டியா?" என்று மனைவி கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். "இன்னா சொன்னாரு?" என்றாள். விடு என்று சொன்னார் என்றேன். அதுவரை அது உண்மைதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க நைனா அப்டித்தான்" என்று சொல்லி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீயைக் குடித்தேன்.

இப்போது நான் யார்டுக்கும் இந்தத் தங்க முலாம் வாட்ச்சைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன். பார்க்கிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். குழுவில் யாராவது புதிதாக வாட்ச் சேர்க்க ஆலோசனை கேட்டால் நான் பதில் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தாங்காட்டுக்குப் போய் மார்க்கெட் மூடியிருக்கும்போது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன், லீவு நாளில் அந்த லோடு ஆள் அதைக் கட்டிக்கொண்டு வருவார் என்ற நம்பிக்கையில். ராயபுரத்துக் கடைக்காரர் என்னைக் கண்டதும், இன்னும் இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார். எந்தப் பழைய வாட்ச்சைக் கண்டாலும் முதலில் முதுகைத் திருப்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் இருவரும் சேர்ந்து குப்பத்துக்குப் போனோம். கரையோரம் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கல்யாண வீட்டில் அந்த அறையில் இருந்தவர்.

"மாப்ள, இன்னும் வர்ல. உன் மாமனாரு எல்லா போட்டுக்காரனுக்கும் சொல்லி வச்சிகிறாரு, நம்ம குறி போட்ட வாட்ச்சு எவன் வலையில வந்தாலும் குட்த்துடணும்னு. காசிமேடு வரைக்கும் சொல்லிகீது. கடல்ல போனது எங்க போவும்? வரும், கவலப்படாத."

என் மனைவி நடப்பதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாசலில் மாமனார் நின்றிருந்தார். வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மணி இன்னா மாப்ள?"

பார்த்துச் சொன்னேன். அவரிடம் நான் பொய் கலக்காமல் சொல்வது இப்போது அது ஒன்றுதான்.